ஸ்னோ, உறைமழை, கடுங்குளிர்: மூன்றும் கலந்து வரும் ஒன்ராறியோ வின்ரருக்கு அனுபவக் குறிப்புகள்

வடலி (ஸ்காபரோ, கட்டடப் பராமரிப்பு)

எத்தனை சென்ரிமீற்றர் கொட்டுது என்றதை மட்டும் பார்த்தால் காணாது. வெப்பநிலை எத்தனை மணிக்குப் பூச்சியத்தைத் தாண்டுது, எத்தனை மணிக்குத் திரும்பக் கீழே இறங்குது, அதை முதலில் பாருங்கோ. ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஒரே நாளில் விடிய ஸ்னோ, மத்தியானம் உறைமழை, பின்னேரம் வெறும் மழை, காற்று வடமேற்குக்குத் திரும்பினதும் இரவு மைனஸ் 12 என்று வரும். மேலே இருக்கிற சூடான காற்றுப் படை ஸ்னோவை உருக்கிவிடும். நிலத்தோடு படிந்த மெல்லிய குளிர்படைக்குள்ளால் வரும்போது அந்தத் துளிக்கு உறைய நேரம் கிடைக்காது. படி, மரம், கம்பி எதில் பட்டாலும் பட்ட இடத்திலேயே ஐஸாகும். இதுதான் உறைமழை.

உறைமழை தொடங்க முதல், கிடக்கிற ஸ்னோவை நிலம் தெரிய வழித்துவிட்டுப் படிக்கும் நடைபாதைக்கும் மெல்லிசாக உப்புத் தூவுங்கோ. அடியில் உப்புக்கரைசல் இருந்தால் ஐஸ் சீமெந்தோடு ஒட்டாது, பிறகு ஷவலை விட்டால் தகடாகக் கிளம்பும். மழையாக மாறி ஸ்னோ தண்ணி குடித்துக் கிடக்கும் நேரத்தில், அது இறுக முதல் இன்னொருக்கா வழிக்கவேணும். இந்த இரண்டாம் தரத்தைத்தான் கனபேர் தவறவிடுகினம். பிறகு கால்தடமும் ரயர்த்தடமும் அச்சாக உறைந்த தரையில் ஒரு கிழமை நடக்கவேண்டி வரும். றோட்டோரக் கானின் வாய் மூடிக்கிடந்தால் அதையும் அப்பவே திறந்துவிடுங்கோ, இல்லாட்டி மழைத்தண்ணி முழுக்க ட்ரைவ்வேயின் றோட்டு முனையில் நின்று உறையும்.

பாரத்தைக் குறைவாக எடைபோடாதேங்கோ. 6 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம் உள்ள ட்ரைவ்வேயில் 15 சென்ரிமீற்றர் புது ஸ்னோ என்றால் 9 கனமீற்றர். காய்ந்த ஸ்னோவாக இருந்தாலே ஏறக்குறைய 900 கிலோ வரும். தண்ணி ஊறினால் இரண்டு மடங்கைத் தாண்டும். நகரசபை வண்டி வாசலில் தள்ளிவிட்டுப் போகிற மேடு அதையும் விடப் பாரம். தூக்கி எறியாமல் தள்ளுங்கோ. தூக்கத்தான் வேணும் என்றால் அரை ஷவல் காணும், உடம்பைத் திருகாமல் காலை மாற்றி வைத்துத் திரும்புங்கோ. 15 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டப்போகுது என்றால் இடையில் ஒருக்கா வழிக்கிறது நல்லது. ஷவலின் முகத்துக்குச் சிலிக்கன் ஸ்ப்ரே அடித்தால் ஈர ஸ்னோ ஒட்டாது. குளிரில் இரத்தக்குழாய் சுருங்கி, கையால் பாரமும் தூக்கும்போது இதயத்துக்கு இரட்டைச் சுமை. நெஞ்சு இறுகினால், இடது கையோ தாடையோ நொந்தால் ஷவலை அங்கேயே போட்டுவிட்டு 911க்கு அடியுங்கோ.

ஆவாரை (மிசிசாகா)

வடலி அண்ணா, உப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவா எழுதுங்க. மைனஸ் 18ல மூட்டை மூட்டையா கொட்டியும் ஐஸ் அசையலைன்னு நிறைய பேர் கேக்கறாங்க.

வடலி

சாதாரணக் கல் உப்பு மைனஸ் 9, 10 வரைக்கும்தான் வேலைக்கு ஆகும். மைனஸ் 1இல் 1 கிலோ உப்பு ஏறக்குறைய 46 கிலோ ஐஸை உருக்கும். மைனஸ் 7இல் 9 கிலோவைக்கூட எட்டாது. மைனஸ் 18இல் இன்னொரு மூட்டை கொட்டினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, காசும் கீழே இருக்கிற புல்லும்தான் போகும். அந்தக் குளிருக்குக் கல்சியம் குளோரைட் வாங்குங்கோ, மைனஸ் 25 வரைக்கும் இழுக்கும். ஆனால் அது காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துத் தரையை வழுக்கலாக விட்டுவிடும், அளவோடு போடவேணும். பிடிமானம் மட்டும் காணும் என்றால் மணல் அல்லது சிறுகல் போதும். மொன்றியல் நகரசபை கடுங்குளிரில் நடைபாதைக்குச் சிறுகல் தூவுகிறது இதனால்தான்.

அளவு: ஒரு சதுர மீற்றருக்கு 2 மேசைக்கரண்டி. உப்பு மணிகளுக்கு நடுவில் இடைவெளி தெரியவேணும். வெள்ளையாகக் குவிந்து கிடந்தால் கூடிப்போச்சு. தரை காய்ந்த பிறகு மிஞ்சின உப்பைக் கூட்டி அள்ளி அடுத்த முறைக்கு வையுங்கோ. கரைந்த உப்பைப் பிறகு எந்தச் சுத்திகரிப்பும் பிரித்தெடுக்காது. கானால் ஓடைக்கும் ஏரிக்கும் போய் மீனைத்தான் கொல்லும். ஊற்றி ஒரு வருசம் ஆகாத கொங்கிறீற்றுக்கு உப்பே வேண்டாம், மேல்தோல் உரிந்துவிடும்.

கொண்டல் (அஜாக்ஸ், பேர்னஸ் திருத்துநர்)

பெருங்காற்றோடு ஸ்னோ கொட்டின அடுத்த நாள் காலையில் வருகிற அழைப்புகளில் கனக்க ஒரே காரணம்தான். புது பேர்னஸ்களுக்கு (வீட்டைச் சூடாக்குகிற காஸ் மெசின்) புகைக்கூடு இல்லை. வீட்டுப் பக்கச்சுவரில் 2 அல்லது 3 அங்குல வெள்ளைப் பிவிசிக் குழாய் இரண்டு நிற்கும். ஒன்று காற்றை இழுக்கிறது, மற்றது புகையை விடுகிறது. காற்று அள்ளிக் குவித்த ஸ்னோ ஒன்றை மூடினாலும் காற்றோட்டத்தைப் பார்க்கிற அழுத்த சுவிட்ச் பிடிக்காது. சின்ன மோட்டர் சுற்றுகிற சத்தம் கேட்கும், நெருப்புப் பற்றாது, சில தரம் முயன்றுபோட்டு மெசின் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

முதலில் வெளியில் போய்க் குழாயைப் பாருங்கோ. சுற்றிவர 1 மீற்றர் கையால் வெளிக்கச் செய்யுங்கோ. புகை விடுகிற குழாயில் ஈரம் உறைந்து ஐஸ்தாடி தொங்கும். மெதுவாக ஒடித்து எடுங்கோ, ஷவலால் அடித்தால் குழாய் வெடிக்கும். பறவை புகாமல் போட்ட வலையிலும் உறைபனி பிடிக்கும், அதையும் பாருங்கோ. பிறகு பேர்னஸுக்குப் பக்கத்தில் லைற் சுவிட்ச் மாதிரி இருக்கிறதை அணைத்து ஒரு நிமிசத்தால் போடுங்கோ. ஒருக்காத்தான். திரும்பவும் பூட்டினால் கீழ்க் கதவின் கண்ணாடித் துளையால் தெரிகிற சிறு லைற் எத்தனை தரம் மின்னுது என்று எண்ணுங்கோ. அதன் பொருள் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். திருத்துநருக்கு அந்த எண்ணிக்கையைச் சொன்னால் சரியான சாமானோடு வருவார்.

நெருப்புப் பற்றி 3, 4 செக்கனில் அணைந்தால் சுடர் உணரும் கம்பி கறுத்திருக்கும். மெல்லிய ஸ்ரீல் வூலால் தேய்த்தால் சரி. கொஞ்ச நேரம் ஓடி நின்று, திரும்ப ஓடினால் பில்டரைப் பாருங்கோ. 1 அங்குல பில்டரை வின்ரரில் மாதத்துக்கு ஒருக்கா பாருங்கோ, 3 மாதத்துக்கு மேல் விடாதேங்கோ. அம்புக்குறி மோட்டர் பக்கம் நிற்கவேணும். பேர்னஸில் இருந்து வடிகிற தண்ணிக் குழாய் கராஜுக்குள்ளாலோ வெளியாலோ போனால் அது உறைந்து, தண்ணி பின்னுக்கு ஏறி மெசினை நிற்பாட்டும். ஹெயார் ட்ரையரால் இளக்கலாம், ஆனால் குழாயை உள்ளுக்குள் தரைக் கானுக்கு மாற்றினால்தான் பிரச்சினை முடியும்.

இப்ப ஹீற் பம்ப் (வெளிக்காற்றில் இருந்து சூட்டை எடுத்து உள்ளே தருகிற மெசின்) போட்ட வீடுகளும் கூடிவிட்டன. வெளியில் நிற்கிற பெட்டியில் இருந்து ஆவி பறந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, அது தன் ஐஸைத் தானே உருக்குகிற நேரம். உறைமழையில் விசிறி அலகே ஐஸாகி நின்றால் உடனே நிற்பாட்டி, இளஞ்சூட்டுத் தண்ணி ஊற்றி இளக்குங்கோ. கத்தியும் ஸ்குறூ ட்றைவரும் கிட்டப் போகக்கூடாது. உள்ளே இருக்கிற மெல்லிய செப்புக் குழாயில் ஒரு துளை விழுந்தால் குளிரூட்டி வாயு முழுக்கப் போய்விடும்.

காஸ் மீற்றரில் படிந்த ஸ்னோவையும் கையால் தட்டுங்கோ. ஐஸ் மூடி இறுகியிருந்தால் தொடாமல் காஸ் கொம்பனியின் அவசர இலக்கத்துக்கு அடியுங்கோ.

ஆவாரை

கார் பத்தி நான் சொல்றேன். மைனஸ் 18ல பேட்டரி, கோடைல தர்ற சக்தில பாதிதான் தரும். ராத்திரி நின்ன காரில் 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ். 12.2ன்னா பாதிதான், அடுத்த கடுங்குளிர்ல கிளம்பாது. முழுசா இறங்கின பேட்டரி மைனஸ் 7லயே உறைஞ்சிடும். பக்கம் உப்பி இருந்தா ஜம்ப் (இன்னொரு கார் பேட்டரில இருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்றது) பண்ணவே பண்ணாதீங்க, வெடிக்கும். ஜம்ப் வரிசை: சிவப்பு முதல்ல இறங்கின பேட்டரி பிளஸ், அப்புறம் நல்ல பேட்டரி பிளஸ், கறுப்பு நல்ல பேட்டரி மைனஸ், கடைசி முனை இறங்கின காரோட என்ஜின்ல பெயிண்ட் இல்லாத உலோகத்துல. அந்தக் கடைசி இணைப்புலதான் பொறி வரும், அதனாலதான் அது பேட்டரியை விட்டுத் தள்ளி.

7 டிகிரிக்குக் கீழ போனாலே ஆல் சீசன் டயரோட ரப்பர் விறைக்க ஆரம்பிச்சிடும். மலையும் பனிச்செதிலும் குறி போட்ட விண்டர் டயர் நாலுமா போடுங்க, ரெண்டு மட்டும் போட்டா வளைவுல மத்த ரெண்டு இழுத்துட்டுப் போகும். பள்ளம் 4 மில்லிமீட்டருக்கு வந்துட்டா ஸ்னோவுக்கு அது லாயக்கில்லை. 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவுல இன்சூரன்ஸ்காரங்க விண்டர் டயருக்குத் தள்ளுபடி தந்தாகணும், கேட்டு வாங்குங்க. வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினா டயர்ல காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும்.

கண்ணாடி ஐஸுக்கு வெந்நீர் ஊத்தினா விரிசல் விடும். டிஃப்ராஸ்ட்டோட ஏசி போடுங்க, உள்காற்றுச் சுழற்சியை அணைங்க. வாஷர் திரவம் மைனஸ் 40 வகையா இருந்தாலும் கண்ணாடி சூடாகறதுக்கு முன்னாடி அடிச்சா படலமா உறைஞ்சு பார்வையை மறைச்சிடும். ஸ்னோல புதைஞ்ச காரை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சைலன்சர் வாயைத் தோண்டி வெளிய எடுங்க. பிள்ளையை உள்ள உட்கார வெச்சிட்டு வெளிய ஸ்னோ தள்றது பெரிய ஆபத்து, புகை உள்ள ஏறும்.

பூவரசு (மார்க்கம், வீட்டுக் காப்புறுதி)

மார்கழி, தையில் ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். குளிர்காலத்தில் தொடர்ந்து 4 நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால், உறைந்து வெடித்த குழாய்க்குப் பல பாலிசிகள் பணம் தரா. யாராவது நாளாந்தம் உள்ளே வந்து சூடு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் இருக்கும் வாசகத்தைப் புறப்பட முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கோரிக்கை மறுக்கப்படும் வீடுகளில் பெரும்பாலும் சாவி ஒருவரிடம் இருக்கும், ஆனால் அவர் கிழமைக்கு ஒருமுறைதான் வந்திருப்பார்.

மூடும் முறை: பேஸ்மன்றில் தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில் உள்ள பிரதான வால்வை அடைத்து, மேல்மாடிக் குழாயையும் மிகக் கீழே உள்ள குழாயையும் திறந்து வடிய விடுங்கள். கழிவறைத் தொட்டிகளை வெறுமையாக்குங்கள். சூட்டை 15க்குக் கீழே இறக்க வேண்டாம். தண்ணீர் ரேடியேற்றரால் சூடாகும் வீடு என்றால், மூட முன் அதைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள்.

வெளிக் குழாயை ஒக்ரோபரிலேயே உள்ளிருந்து அடைத்து, வெளிவாயைத் திறந்து விடவேண்டும். ஹோஸைக் கழற்றாமல் விட்டால் உறையாத வகைக் குழாய்கூட வெடிக்கும், தண்ணீர் உள்ளே சிறைப்பட்டு நிற்பதால். உறையும்போது தண்ணீர் 9 வீதம் பருக்கும். வெடிப்பு அன்றைக்குத் தெரியாது. குளிர் விட்டு இளகும் நாளில்தான் சுவர் நனையும்.

நெய்தல் (ஒஷாவா, மின்வேலை)

2013 டிசம்பர் 21, 22 ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் வாடிக்கையாளருக்குக் கரன்ட் போனது. கனபேர் நத்தாரை இருட்டில் கழித்தார்கள். 2025 மார்ச் கடைசியில் ஒறிலியா, பீற்றர்பரோப் பக்கம் அதே நிலை. கம்பி விழுந்து கிடந்தால் 10 மீற்றர் தள்ளி நில்லுங்கோ. றோட்டில் இருந்து வருகிற கம்பியைத் தாங்கி வீட்டுச் சுவரில் நிற்கிற இரும்புக் குழாய் உங்கட சொத்து, ஹைட்ரோவின் (மின்சாரக் கொம்பனியின்) சொத்து இல்லை. கொப்பு விழுந்து அது வளைந்தாலோ பிடுங்குப்பட்டாலோ, அனுமதி பெற்ற மின்வேலைக்காரர் திருத்தி, பரிசோதகர் பார்த்த பிறகுதான் இணைப்புத் தருவார்கள். தெரு முழுக்க வெளிச்சம் வந்தும் ஒரு வீடு மட்டும் இருட்டாகக் கிடக்கிறது இதனால்தான். இரண்டாம் நாள் வரை பார்த்திருக்காமல் முதல் நாளே ஆளைப் பிடியுங்கோ.

ஜெனரேற்றர் வீட்டில் இருந்து 6 மீற்றராவது தள்ளி, ஜன்னலுக்குப் பக்கம் பார்க்காமல் நிற்கவேணும். கராஜ் கதவைத் திறந்துவிட்டு உள்ளே ஓட்டுகிறது காபன் மொனொக்சைட்டை வீட்டுக்குள் தள்ளுகிற வேலை. கரி அடுப்பும் அப்படித்தான். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடியும் ஓங்காளமும் எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் வெளியில் ஓடுங்கோ. இரண்டு பக்கமும் ஆண் பிளக் போட்ட வயரால் சுவர்ப் பிளக்குக்குக் கரன்ட் ஏற்றுகிறதை யாரும் காட்டித் தந்தாலும் செய்யாதேங்கோ, அது றோட்டுக் கம்பியில் வேலைசெய்கிற ஆளைக் கொல்லும். காஸ் பேர்னஸின் மோட்டருக்கும் கரன்ட் வேணும், அதனால் றோட்டுக் கரன்ட்டைத் துண்டித்து ஜெனரேற்றருக்கு மாற்றுகிற சுவிட்சை இலையுதிர்காலத்திலேயே போட்டு வையுங்கோ.

வேம்பு (ஸ்காபரோ, தாதி)

காற்றுக்குளிர் (காற்றையும் சேர்த்துத் தோல் உணர்கிற குளிர்) மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையும்; மைனஸ் 40இல் 5 முதல் 10 நிமிடம். மூக்கு நுனி, காது மடல், கன்னம் வெளிறி மரத்தால் உள்ளே வாங்கோ. தேய்க்கக் கூடாது, ஸ்னோவால் உரஞ்சவே கூடாது. 37 முதல் 39 பாகைத் தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் வையுங்கோ. திரும்பவும் குளிருக்குள் போகவேண்டி வந்தால் இளக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, இளகி மறுபடி உறைந்தால் சேதம் கூட. பிள்ளைகளுக்கு விரல் பிரித்த கையுறையை விட ஒன்றாகச் சேர்ந்தது சூடு. கார் சீற்றில் தடித்த ஜக்கெற்றோடு பட்டி போடாதேங்கோ. பட்டியை இறுக்கிவிட்டு மேலே போர்த்துங்கோ.

எங்கட ஆட்களில் நீரிழிவு உள்ள அம்மா, அப்பா நிறையப் பேர். அவர்களின் கால் மரத்திருக்கும், குளிர் கடித்தாலும் தெரியாது, ஹீற்றர் சுட்டாலும் தெரியாது. வெளியில் போய் வந்தால் காலுறையைக் கழற்றி விரல் இடுக்கை நீங்கள்தான் பார்க்கவேணும். சூட்டுத்தண்ணிப் போத்தலைக் காலுக்குக் கீழே வைக்கவேண்டாம். கால் வைக்கிற தண்ணீரின் சூட்டை அவர்கள் காலால் பார்க்க விடாமல், இன்னொருவர் முழங்கையால் பார்த்துக் கொடுங்கோ. சப்பாத்து ஒரு அளவு பெரிசாக, உள்ளே கம்பளிக் காலுறை ஒன்று மட்டும். இரண்டு மூன்றைத் திணித்தால் இரத்த ஓட்டம் நின்று விரல்தான் முதலில் விறைக்கும்.