கிரெனடியர் குளத்தில் சூரியன் மறையும்போது இலையின் நிறம் ஏன் படத்தில் வருவதில்லை?

குளக்கரை:

வணக்கம். ரொறன்ரோ ஹை பார்க்கில் கிரெனடியர் குளத்தின் கிழக்குக் கரைப் பாதையில் நின்று பின்னேரப் படங்கள் எடுக்கிறேன். கமரா சோனி ஏ6400, அதோடு வந்த 16-50 லென்ஸ், ஒரு ட்ரைபொட், ஒரு வட்டப் போலரைசர். வேறு பில்ட்டர் எதுவும் இல்லை. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஆட்டோ வைட் பாலன்ஸ், ஜேபெக்.

மூன்று விஷயம் பிடிபடவில்லை.

வானம் சரியாக வந்தால் எதிர்க்கரை மரங்கள் கரிக்கோடு மாதிரி கறுத்துப் போகின்றன. சிவப்பு, மஞ்சள் ஒன்றும் தெரிவதில்லை. இலைக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுக்கிறது.

சூரியனைச் சுற்றி இருக்கிற செம்மஞ்சள், படத்தில் தட்டையான மஞ்சள் திட்டாக வருகிறது. திட்டின் ஓரம் வெட்டினமாதிரி இருக்குது. ஆனால் எடுக்கும்போது ஹிஸ்டோகிராம், அதாவது திரையில் வருகிற வெளிச்ச வரைபடம், வலப்பக்கம் முட்டவே இல்லை.

மறையும் நேரம் 6:35 என்று ஃபோன் காட்டுகிறது. அதற்கு வெகு முன்னமே சூரியன் போய்விடுகிறது. எந்த நேரத்துக்குப் போய் நிற்க வேணும்? ஒக்ரோபரில் எந்தக் கிழமை நல்லது?

---

மேற்குவானம்:

உங்கட கமராவில் பிழை இல்லை. பார்க்கிற திசைதான் காரணம்.

ஒக்ரோபர் நடுப்பகுதியில் இங்கே சூரியன் நேர்மேற்கில் மறைவதில்லை. 12 பாகை அளவு தெற்குப் பக்கம் சரிந்து, திசைகாட்டியில் 258 பாகையில் இறங்கும். மாதக் கடைசியில் அது 250க்கு வந்துவிடும். கிழக்குக் கரையில் நின்று அந்தத் திசையைப் பார்த்தால், எதிர்க்கரை மரங்களின் முதுகில்தான் வெளிச்சம் விழுகிறது. நீங்கள் பார்ப்பது நிழல் பக்கம். அதுக்குள் நிறம் இருந்தாலும், பின்னால் இருக்கிற வானத்தோடு ஒப்பிட்டால் பல ஸ்டொப் இருட்டு (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்கச் சொன்னால் எந்த கமராவும் தடுமாறும்.

அதனால் இந்தக் குளத்தில் இலைப்படமும் அந்திப்படமும் இரண்டு வேலை. ஒரே பின்னேரத்தில் இரண்டும் செய்யலாம், ஆனால் நிற்கும் இடமும் நேரமும் வேறு.

இலைக்கு: குளத்தின் தெற்கு முனைக்கு, குயின்ஸ்வே வீதிப் பக்கம் போங்கள். அங்கே நின்று வடக்கைப் பாருங்கள். சூரியன் உங்கட இடக்கைப் பக்கம் இருக்கும். வலப்பக்கத்து மேட்டில் நிற்கிற பூங்கா மரங்களில் கடைசி வெளிச்சம் முகத்தில் அடிக்கிறமாதிரி விழும். போலரைசருக்கும் இதுதான் இடம். சூரியனுக்கு 90 பாகை விலகிய திசையில்தான் அது வானத்தைக் கருநீலமாக்கும்; வடக்கு அநேகமாக அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதோடு, இலைக்கு மேல் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும். அது வெள்ளை வானத்தைத் திருப்பியடிப்பதால்தான் சிவப்பு சாம்பல் பூத்தமாதிரித் தெரியும். போலரைசரை மெல்லத் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு மேப்பிள் கிளையைப் பாருங்கள், அந்த வெள்ளைப் பூச்சு கழன்று நிறம் வெளியே வருவது கண்ணுக்கே தெரியும். ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் வெளிச்சம் குறையும், அதைக் கணக்கில் வையுங்கள். 16 மில்லிமீற்றரில் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப் பட்டையடிக்கும். 24க்கு மேலே நின்றால் பயமில்லை.

சூரியன் ஒளிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது இதைத் தொடங்கி, கடைசி இருபது நிமிடத்துக்கு முன்னம் முடித்துவிட்டு, கரையோரப் பாதையால் கிழக்குக் கரைக்கு நடவுங்கள்.

நேரம் பற்றி: ஃபோன் சொல்வது தட்டையான அடிவானத்துக்கான நேரம். இங்கே மேற்குக் கரை மேடு. மேட்டில் வீடு, வீட்டுக்கு மேலே மரம். எவ்வளவு முன்னம் ஒளியும் என்பதை அங்கேயே அளக்கலாம். மற்றக் கையால் சூரியனை மறைத்துக்கொண்டு, ஒரு கையை நேராக நீட்டி விரல்களைப் படுக்கையாகப் பிடியுங்கள். மர உச்சிக்கும் சூரியனுக்கும் நடுவில் எத்தனை விரல்? ஒரு விரல் அகலம் 2 பாகை அளவு. இந்த மாதத்தில் இங்கே ஒரு பாகை இறங்க ஐந்தரை நிமிடம் எடுக்கும். ஆக விரலுக்கு 11 நிமிடம். மூன்று விரல் என்றால் அரை மணித்தியாலம் உங்கட கையில். அடிவானத்துக்கும் மர உச்சிக்கும் நடுவில் எத்தனை விரல் என்று அதேபோல் அளந்தால், ஃபோன் காட்டும் நேரத்தில் எத்தனை நிமிடம் கழிக்க வேணும் என்பதும் தெரிந்துவிடும். அடுத்த நாளுக்கும் அந்தக் கணக்குச் செல்லும்.

சூரியன் ஒளிந்த கையோடு ஆட்கள் எல்லாரும் வெளிக்கிட்டுப் போவார்கள். நீங்கள் போகவேண்டாம். மேகத்தின் அடிவயிறு சிவப்பது, ஃபோன் சொல்லும் நேரத்துக்கும் 10, 15 நிமிடம் பிந்தித்தான். உயரத்தில் உடைந்த மேகம் இருந்து, மேற்கு அடிவானம் திறந்திருந்தால் கட்டாயம் நில்லுங்கள். அடிவானத்தில் கனத்த மேகம் ஒரு கோட்டில் படுத்திருந்தால் அன்று வானம் சிவக்காது. அப்படியான நாளில் தெற்கு முனையிலேயே நின்று இலையை எடுக்கலாம்.

இன்னுமொன்று. சூரியனை நேரே பார்த்துக்கொண்டே இலை நிறம் வேணுமென்றால், எதிர்க்கரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் தொங்குகிற ஒரு கிளைக்குக் கீழே போங்கள். ஒற்றை இலை மெல்லியது. வெளிச்சம் அதை ஊடுருவி வரும், நரம்பெல்லாம் தெரியும். தூரத்து மரத்தில் இலை பல அடுக்கு. ஒன்றும் ஊடுருவாது, அதனால்தான் கறுக்கிறது.

---

வெளிச்சக்கணக்கு:

மஞ்சள் திட்டு பத்தி நான் சொல்றேன். இது சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழியறதால வர்றது.

அந்தி வானத்தோட ஆரஞ்சுல சிவப்பு அதிகம், பச்சை நடுத்தரம், நீலம் ரொம்பக் குறைவு. சூரியனை நெருங்க நெருங்க மூணும் ஏறும். சிவப்பு முதல்ல உச்ச அளவான 255ஐ தொட்டு நின்னுடும். பச்சை மட்டும் மேல ஏறிக்கிட்டே இருக்கும். சிவப்பு நின்ன இடத்துல பச்சை கூடினா அது மஞ்சள்தானே? ஆரஞ்சு படிப்படியா வெளுக்காம, ஒரு கோடு போட்ட மாதிரி மஞ்சளா மாறுறது அதனாலதான்.

ஹிஸ்டோகிராம் ஏன் காட்டலன்னா, எடுக்கும்போது ஏ6400 திரையில தெரியறது மொத்தப் பிரகாசத்தோட வரைபடம். அந்தக் கணக்குல பச்சைக்குத்தான் பங்கு அதிகம். சிவப்பு முட்டி நின்னாலும் மொத்த வரைபடம் நடுவுலயே இருக்கும். ஒரு படம் எடுத்துட்டு, பிளேபேக்ல டிஸ்ப் பட்டனை அழுத்திக்கிட்டே போங்க. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா வர்ற பக்கம் ஒண்ணு இருக்கு. அதுல சிவப்பு மட்டும் பாருங்க. வலது சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னா எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற அளவு) மைனஸ் 1, பத்தலன்னா மைனஸ் 1.7 வரை இறக்குங்க. சூரியனோட வட்டம் வெளுக்கறதைத் தடுக்க முடியாது, அது வெளுக்கட்டும். வட்டத்தைச் சுத்தி இருக்கற ஆரஞ்சு தப்பிச்சாப் போதும்.

ஆட்டோ வைட் பாலன்ஸை விட்டுடுங்க. வானம் பூரா ஆரஞ்சா இருந்தா அதை ஒரு குறைன்னு நினைச்சு கேமரா நீலத்தைக் கலக்கும். டேலைட்ல வைங்க. கிளவுடியில வெச்சா சிவப்பு இன்னும் கூடி, திரையில சீக்கிரமே முட்டற மாதிரி காட்டும், அளவு பார்க்கக் குழப்பம். ஜேபெக்கோட சேர்த்து ரா ஃபைலும் (கேமரா மாத்தாம வெக்கற மூலப் பதிவு) பதிவாகற மாதிரி வைங்க. நிறத்தை அப்புறம் வீட்டுல மாத்திக்கலாம்.

எதிர்க்கரையும் வானமும் ஒரே படத்துல வேணும்னா மூணு படமா எடுத்து இணைக்கணும். ட்ரைபாட்ல வெச்சு, அப்பர்ச்சர் மோட், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, பிராக்கெட் (ஒரே காட்சியை வேற வேற வெளிச்சத்துல எடுக்கறது) 2 ஸ்டாப் இடைவெளியில மூணு படம், 2 விநாடி டைமர். லென்ஸ்ல இருக்கற ஸ்டெடிஷாட்டை (அதிர்வு குறைப்பு) அணைச்சுடுங்க. ஃபோகஸை ஒரு தடவை பிடிச்சிட்டு மேனுவலுக்கு மாத்துங்க. இல்லன்னா மூணும் மூணு இடத்துல ஃபோகஸ் ஆகி, இணைக்கும்போது விளிம்பெல்லாம் இரட்டையா வரும். காத்துல இலை ஆடினா மூணு படத்துலயும் வேற வேற இடத்துல இருக்கும். லைட்ரூம்ல ஹெச்டிஆர் இணைக்கறப்போ அந்த ஆட்டத்தைச் சரிபண்ற டீகோஸ்ட்டை நடுத்தரத்துல வைங்க.

மேல்பாதி மட்டும் இருட்டா இருக்கற கிராஜுவேட்டட் பில்டர் வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. இந்தக் குளத்துக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். அது கடல் மாதிரி நேர்க்கோட்டு அடிவானத்துக்கு நல்லது. இங்க மரம் வானத்துக்குள்ள ஏறி நிக்குது. வானத்தை இருட்டாக்கும்போது மர உச்சியும் சேர்ந்து இருண்டு போகும், ஏற்கனவே கறுத்திருக்கற இடம் இன்னும் மோசமாகும்.

ஃபோன்ல எடுக்கறவங்களுக்கும் இதே கணக்குதான். சூரியனை விட்டு கொஞ்சம் தள்ளி, பிரகாசமான வானத்துல விரலை அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணுங்க. அப்புறம் வெளிச்சத்தைக் கீழ இழுங்க. நைட் மோட் தானா வந்தா அணைச்சுடுங்க, அந்தியைப் பகலாக்கிடும்.

---

சம்புக்கரை:

எந்தக் கிழமை என்பதற்கு: மரத்தைப் பொறுத்தது, ஒரே நாளில் எல்லாம் மாறாது. சுமாக் புதர்கள் செப்டெம்பர் கடைசியிலேயே சிவக்கத் தொடங்கும். சர்க்கரை மேப்பிளுக்கு ஒக்ரோபர் நடுவிலிருந்து மூன்றாம் கிழமை வரை. நோர்வே மேப்பிள் மாதக் கடைசி வரை பச்சையாகவே நின்று பிறகு மஞ்சளாகும். அதைப் பார்த்து இன்னும் காலம் வரவில்லை என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஹை பார்க்கின் சிறப்பே கறுப்பு ஓக் மரங்கள்தான். அவை கடைசியில்தான் மாறும். நிறமும் செம்பழுப்பு, பழைய செப்புப் பாத்திரம் மாதிரி. நவம்பர் முதல் கிழமையிலும் கிளையில் இலை நிற்கும், அப்போது ஆட்கூட்டமும் இல்லை. தாழ்ந்த வெயில் அந்தச் செப்பில் விழும்போது மேப்பிளுக்கு எந்த வகையிலும் குறைவில்லை.

பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து நாலைந்து நாள் இருந்தால் சிவப்பு கூடும். மஞ்சள் இலைக்குள் முன்னமே இருப்பது, பச்சையம் அழிய வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, அந்த நேரத்தில் இலையில் தங்குகிற சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாவது. அதனால்தான் மஞ்சள் ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி இருக்க, சிவப்பு வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. பெருங்காற்று மழை ஒன்று வரப்போகிறது என்றால் அதற்கு முதல்நாளே போய்விடுங்கள்.

மறையும் நேரம் ஒக்ரோபர் 1இல் ஏழுக்குக் கிட்ட, 15இல் 6:35, 31இல் 6:10 அளவில். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூடு பின்னால் போனதும் ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இருட்டு. சனி ஞாயிறு பூங்காவுக்குள் காருக்கு அனுமதி இல்லை, சப்வேயில் வந்தால் நடக்கிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓக் மரங்களுக்குள் பாதையை விட்டு இறங்க வேண்டாம். அந்தப் புல்வெளியை எரித்தும் நட்டும் பாடுபட்டுத்தான் மீட்டு வைத்திருக்கிறார்கள்.

---

குளக்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பிளேபேக்கில் பார்த்தேன், சிவப்பு முழுக்க முட்டித்தான் நிற்கிறது. தெற்கு முனைக் கணக்கும் விளங்குது.

இன்னும் இரண்டு கேள்வி. கரையில் விழுந்து கிடக்கிற இலைகளை முன்னால் வைத்து எடுத்தால் ஒன்றில் இலை மங்குகிறது, இல்லாவிட்டால் எதிர்க்கரை மங்குகிறது. அடுத்தது, போலரைசர் போட்டால் தண்ணீரில் வானத்தின் சாயல் காணாமல் போகிறது.

---

மேற்குவானம்:

முதல் கேள்விக்கு: உங்கட கமராவில் 16 மில்லிமீற்றர், எஃப் 8 என்றால் 1.6 மீற்றரில் ஃபோகஸ் வையுங்கள். 80 சென்ரிமீற்றரிலிருந்து எதிர்க்கரை வரை ஏற்றுக்கொள்ளக்கூடிய கூர்மை வரும். இலையை அதைவிடக் கிட்டக் கொண்டுவராதீர்கள். இலைக்கே ஃபோகஸ் வைத்தால் எதிர்க்கரை மங்கும், வானத்துக்கு வைத்தால் இலை மங்கும். உங்களுக்கு நடந்தது இதுதான். எஃப் 16க்குப் போனால் தீரும் என்று தோன்றும். ஆனால் இந்தச் சென்சரில் எஃப் 11க்கு மேலே படம் முழுக்க மெதுவாக மழுங்கத் தொடங்கும். சூரியன் கிளைக்கு நடுவால் எட்டிப் பார்க்கையில் நட்சத்திரக் கதிர் வேணுமென்றால் மட்டும் எஃப் 16. அப்போது லென்ஸுக்கு முன்னால் இருக்கிற போலரைசரையும் கழற்றிவிடுங்கள். அதன் தட்டையான கண்ணாடிதான் படத்தில் பச்சைப் பொட்டுகளைப் போடும்.

இரண்டாவதுக்கு, அந்திப்படத்தில் போலரைசரைக் கழற்றிப் பொக்கெற்றில் வையுங்கள். தண்ணீரின் சாயலை வெட்டுவதுதான் அதன் வேலை, உங்களுக்கோ அந்தச் சாயல்தான் வேணும். பார்வை தண்ணீரோடு 37 பாகை அளவு சாயும் இடத்தில் அது முழுமையாக வெட்டும், அதாவது படத்தின் கீழ்ப்பக்கத்தில் உங்கட காலடித் தண்ணீர் கறுத்துக் கிடக்கும். ட்ரைபொட்டையும் தாழ்த்துங்கள். தண்ணீரிலிருந்து 40 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தால் பார்வை தண்ணீரை உரசிக்கொண்டு போகும், அப்படிப் போகையில் தண்ணீர் கண்ணாடிபோலத் திருப்பித் தரும். நின்ற உயரத்தில் எடுத்தால் குளத்தின் அடிச்சேறுதான் தெரியும். தாழ்த்தும்போது சம்புப் புல் குறுக்கே வந்தால், புல் உடைந்து இடைவெளி உள்ள இடமாகப் பாருங்கள், புல்லை மிதிக்க வேண்டாம். சாயல் எப்போதும் வானத்தைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டொப் இருட்டாகத்தான் இருக்கும். இணைக்கும்போது அதை வானத்தைவிட வெளிச்சமாக்கிவிடாதீர்கள், படம் பொய் சொல்வது உடனே தெரியும்.

வாத்து போனாலே சாயல் உடையும். அலை அடங்க ஒரு நிமிடம் பொறுங்கள். மரத்தளத்தில் நிற்பதாக இருந்தால், ஆட்கள் நடந்தால் பலகை அதிரும், அரை செக்கனுக்கு மேல் போகும் படங்களை அவர்கள் கடந்துபோன பிறகு எடுங்கள். மண்ணில் ட்ரைபொட் காலைக் கையால் அழுத்திப் பதித்து, சேற்றில் இறங்கி முடிந்த பிறகுதான் சட்டகத்தைச் சரிபாருங்கள். உதிரி பற்றரியை உள்ச்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் அது சீக்கிரம் இறங்கும். வீட்டுக்குள் போனதும் பையைத் திறக்க வேண்டாம். கமரா அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பனி படியும். மெமரி கார்ட் உடனே வேணுமென்றால் வெளியில் நிற்கும்போதே கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.