புதுப்பிப்பு: சாவோ பாலோ போய் வந்துவிட்டேன்

"பிரேசிலில் ரியோவுக்குப் போகும் வழியில் சாவோ பாலோவில் நான்கு நாள் தங்கலாமா?" என்று முன்பு கேட்டிருந்தேன். ஒரு நாளே போதும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். நான்கு நாளும் தங்கினேன், போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலிஸ்தா அவென்யூவில் கார்களை விடுவதில்லை. தெரு முழுக்கப் பாட்டு, சைக்கிள், குழந்தைகள். அங்கேயே மாஸ்ப் அருங்காட்சியகம். கட்டடக் கலைஞர் லினா போ பார்தி வடிவமைத்து, 1968இல் திறக்கப்பட்ட கட்டடம், அந்தரத்தில் தொங்குவதுபோல் நிற்கிறது. உள்ளே ஓவியங்கள் சுவரில் இல்லை, கண்ணாடிப் பலகைகளில் நிற்கின்றன. யார் வரைந்தது என்று தெரிய பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அதனால் பெயரைத் தேடாமல் முதலில் படத்தையே பார்த்தேன். அந்த அனுபவத்தை மறக்க மாட்டேன்.

ஜப்பானியர் குடியேறிய லிபெர்தாஜி பகுதியில் சிவப்புத் தோரண வாயில், ஜப்பானியக் கடைகள். 1908இல் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று போர்த்துகீசியம் பேசி வியாபாரம் செய்கிறார்கள். அப்புறம், தெருச் சந்தையில் சூடான பஸ்தேலும் (உள்ளே பூரணம் வைத்து எண்ணெயில் பொரித்த பலகாரம்) கரும்புச்சாறும் கட்டாயம் சாப்பிடுங்கள்.

மெட்ரோ சுத்தம், எளிது. நடக்கும்போது மட்டும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அந்த எச்சரிக்கையைச் சொன்னவருக்கு நன்றி.