புதுப்பிப்பு: கிருஷ்ணகிரி ஸ்பெக்ட்ரம் பிளஸ், திரையில் படம் வந்துவிட்டது

முந்தைய பதிவில் இருந்தது: கிருஷ்ணகிரியில் பரணில் கிடந்த 48கே (கிலோபைட்) ஸ்பெக்ட்ரம் பிளஸ், அதாவது கேசட்டிலிருந்து கேம் ஏற்றும் 1980களின் வீட்டுக் கணினி, ஆன் செய்தால் திரையில் கோடுகள் மட்டும். "அடாப்டரை மாற்றினால் சரியாகுமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆகாது. அடாப்டரில் கவனிக்க வேண்டியது வேறு: 9 வோல்ட் டிசி, ஆனால் பிளக்கின் நடுவில் மைனஸ். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுவில் பிளஸ். மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகாதீர்கள்.

கோளாறு கீழ் 16கே நினைவகப் பகுதியில். அங்குள்ள எட்டு 4116 நினைவக சிப்புகளுக்கு 5, 12, மைனஸ் 5 என மூன்று வோல்டேஜ் வேண்டும். பின்னிரண்டும் வரவில்லை, காரணம் அவற்றை உருவாக்கும் சுற்றில் உள்ள டிஆர்4 டிரான்சிஸ்டர் ஷார்ட். அதை மாற்றும்போது பக்கத்துக் காயிலையும் (கம்பிச்சுருள்) சோதியுங்கள், கருகியிருக்கலாம். வோல்டேஜ் மூன்றும் சரியான பிறகே நினைவக சிப்பைத் தொடலாம். இல்லாவிட்டால் புதியதும் போகும். பழைய கெப்பாசிட்டர்களை மாற்றுவதென்றால், பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் போதும்.

கீபோர்டு ரிப்பனை (தட்டையான இணைப்புப் பட்டை) இழுக்காதீர்கள். காய்ந்த அப்பளம்தான் அது.

அடுத்து, கேம் கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றுவது. கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே கூடாது, ஹெட் வழியாக மற்ற கேசட்டுக்கும் பரவும். நல்லவற்றுக்கு, ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒலி கூர்மையாகும்வரை அசிமுத் திருகை (ஹெட்டின் சாய்வை மாற்றுவது) கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பதிவு செய்ய 44,100 ஹெர்ட்ஸ், மோனோ, வேவ் கோப்பு, எம்பி3 வேண்டாம். பிறகு டிஇசட்எக்ஸ் (.tzx, ஸ்பெக்ட்ரம் கேசட்டுக்கான கோப்பு வடிவம்) ஆக மாற்றுங்கள். வேக லோடர் (கேமை வேகமாக ஏற்றும் தனி நிரல்) உள்ள கேம்களை, இன்னொரு கோப்பு வடிவமான டேப் (.tap) தாங்காது. இரண்டு முறை பதிவு செய்தால், செக்சம் (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) தவறும் பிளாக்கை மற்ற பதிவிலிருந்து எடுக்கலாம்.