ஒளியும் இலத்திரனும் மேற்பரப்பில் செய்யும் வேலை: கண்ணால் கண்டவர்கள் எழுதுங்கள்

வெள்ளவத்தை வாசகி:
கொழும்பில் இரசாயனவியல் படித்த காலத்தில், மெதிலீன் நீலக் கரைசலில் தைத்தானியம் ஈரொட்சைட்டுத் தூளைக் கலந்து மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். நீலம் மெல்ல வெளிறி, கடைசியில் பால்போன்ற கலங்கல்தான் மிஞ்சியது. "எல்லாம் வெயில் சூடு" என்று அடித்துச் சொன்னான் ஒரு நண்பன். அதே கலவையை இருட்டில், வெந்நீரில் அமிழ்த்தி வைத்தோம். தூளில் கொஞ்சம் சாயம் ஒட்டியது. மற்றபடி நீலம் அசையவில்லை. நண்பன் வாயடைத்துப் போனான்.

சூடு எல்லா அணுக்களையும் ஒருசேர ஆட்டுகிறது. புற ஊதா ஒளியோ ஓர் இலத்திரனைத் தூக்கிவிடுகிறது. இந்தத் தூளில் அதற்குச் சுமார் 3 இலத்திரன் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். அது விட்டுச்சென்ற காலியிடம்தான் மேற்பரப்பில் சாயத்தைச் சிதைக்கிறது. 1972இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹொண்டாவும் ரூட்டைல் (தைத்தானியம் ஈரொட்சைட்டின் ஒரு வடிவம்) படிகத்தில் ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்ததும் இவ்வழியில்தான். ரூட்டைல் நம் புல்மோட்டை மணலிலேயே கிடக்கிறது! இதைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்காதது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கொட்டாஞ்சேனை நுணுக்குக்காட்டி:
அக்கா, ஒளி இல்லாமலும் இது நடக்கும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஓரிடத்தை அதிக உருப்பெருக்கத்தில் பார்த்துவிட்டு உருப்பெருக்கத்தைக் குறைத்தேன். பார்த்த இடத்தில் மட்டும் ஓரம் நறுக்கினாற்போல ஒரு கறுப்புச் செவ்வகம். மாதிரி எரிந்துவிட்டதோ என்று பதறினேன். எரியவில்லை, மேற்பரப்பில் ஒட்டியிருந்த எண்ணெய்ப்பசை மூலக்கூறுகளை இலத்திரன்கள் உடைத்துக் கரிப்படலமாகப் படிய வைத்திருந்தன.

உலோகத்தில் ஒட்டிய மூலக்கூறை இலத்திரன் எப்படிக் கழற்றுகிறது என்பதை 1964இல் மென்செலும் கோமரும் ஒருபக்கம், ரெட்ஹெட் தனியாக மறுபக்கம் விளக்கினார்கள். இலத்திரன் மோதியதும் மூலக்கூறு கிளர்ச்சியடைந்து விலகத் தொடங்கும். அநேகமாக உலோகம் அந்த ஆற்றலை உடனே உறிஞ்சி அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். முந்திக்கொண்ட சிலதான் தப்பும். என்னை மிகவும் உலுக்கியது 2000இல் சான்ஷ் குழு காட்டியது: 3 முதல் 20 இலத்திரன் வோல்ட் வரையான மெதுவான இலத்திரன்களே டிஎன்ஏ இழையை அறுக்கின்றன. கதிர்வீச்சு உடலுக்குள் ஏராளமாகக் கிளப்பிவிடுவதும் இத்தகைய இலத்திரன்களைத்தான்.

நுணுக்குக்காட்டியில் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு: மாதிரியை வெறுங்கையால் தொடாதீர்கள்; குவியத்தை முதலில் வேறிடத்தில் சரிசெய்துவிட்டு, பிறகு வேண்டிய இடத்தைப் படம் எடுங்கள்.