மனநல ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்களிடம் ஒரு கேள்வி: உங்களிடம் வந்தவர்கள் எந்த இடத்தில் வைத்து மனம் திறந்தார்கள்? புனைபெயரில் வந்த பதில்கள்:

ஆற்றங்கரை:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்ததும் முதல் வேலை சென்னையின் தெற்கே பெரும்பாக்கத்தில். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் ஓரக் குடிசைகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட மக்கள். எட்டு மாடிக் கட்டடங்கள். (ஆட்களின் அடையாளத்தைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

எங்களுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை. மேசை, இரண்டு நாற்காலி, வெளியே ‘ஆலோசனை மையம்’ என்று பெரிய பலகை. முதல் மாதம் உள்ளே வந்தவர்கள் பிளாக் நம்பர் விசாரிக்க வந்தவர்கள்தான். எதிர்வீட்டு அக்காதான் விஷயத்தை உடைத்தார்: “உன் ரூமுக்குள்ள யார் போறாங்கன்னு நாலு பிளாக்கும் பார்க்குது மேடம். போனா பைத்தியம், இல்லாட்டி புருஷன் அடிச்சிட்டான்னு அர்த்தம்.”

சரி, வீட்டுக்கே போகலாம் என்றால் மாமியார், பிள்ளைகள், டிவி எல்லாம் ஒரே ஹாலில். அங்கே யார் வாய் திறப்பார்கள்?

கடைசியில் பேச்சு கிடைத்த இடம் காலை பஸ். மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். பழைய வேலையை விட மனமில்லாமல் தினமும் இருபது கிலோமீட்டருக்கு மேல் போய் வருகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் பார்க்க வேண்டாம்; ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) இரைச்சலில் முன் சீட்டுக்குக்கூடக் கேட்காது. பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று. ஏழாவது மாடியில் ஓர் ஆயா. “பேசறதில்ல, துன்றதில்ல” என்று மகன் கூட்டிப்போனார். ‘மனச்சோர்வு’ என்று ஃபைலில் எழுதிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை போனபோது தானாகவே சொன்னார்: “அங்க வாசல்ல குந்தினா போறவன் வர்றவன்லாம் ‘இன்னா ஆயா, துன்னியா’ம்பான். இங்க வாசல்ல இன்னா கீது? செவுரு.” மூட்டுவலி வேறு, லிஃப்ட் ஓடுகிற நாள் குறைவு. தரைத்தள வீடு மாற்றிக் கேட்டு மனு மேல் மனு போட்டோம். எட்டு மாதம் ஆனது. மாத்திரையும் தேவைப்பட்டது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மனுவும் சிகிச்சைதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சாக்பீஸ்:
பள்ளியில் எனக்குத் தந்த அறை தலைமையாசிரியர் அறைக்கு அடுத்தது. ஒரு பிள்ளை வரவில்லை. விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் மாறினேன். “பந்து எடுக்க வந்தேன் மிஸ்” என்று வருவார்கள். பந்தை எடுக்காமலே அரைமணி நேரம்.

இரவுப்பணி:
நான் தொலைபேசி ஆலோசகர். போனில் இடம் ஒரு பொருட்டில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது எடுத்ததும் முதல் கேள்வி, “எங்கிருந்து பேசுறீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?” மொட்டை மாடி, நிறுத்தி வைத்த ஆட்டோ, ஏ.டி.எம். வாசல் என்று பதில் வரும். ஒரு பெண் குளியலறையிலிருந்து, குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார். வெளியே கணவர். ‘ஆமா’, ‘இல்ல’ மட்டும் சொன்னால் போதும் என்று கேள்விகளை மாற்றிக் கேட்டேன். இருபது நிமிடம் இருக்கும். “டேங்க்ல தண்ணி தீந்துபோச்சு மேடம்” என்று வைத்துவிட்டார். மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். முதலில் கேட்டது குழாய்ச் சத்தம்தான்.