டொயோட்டா விட்ஸ் கார், இஞ்சின் பிடித்த உடனே நின்றுபோகிறது, கொம்பியூட்டர் மாற்றிய பிறகு. உதவி தேவை

பரந்தன் கமக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2007 விட்ஸ், திறப்புப் போட்டுத் திருப்புகிற சாதாரண கார். போன மாதம் பற்றரி இறங்கி, வயலில் நின்ற உழவு இயந்திரத்தின் பற்றரியில் இருந்து வயர் கொடுத்தோம். பொழுதுபட்ட நேரம், அவசரம், பிளசும் மைனசும் மாறிப் போயிற்று. பிழை என்னுடையதுதான். இஞ்சின் கொம்பியூட்டர் எரிந்துவிட்டது. பாவித்த உதிரிப்பாகம் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இருந்து அதே இலக்கமுள்ள பாவித்த பெட்டி ஒன்றை எடுப்பித்துப் பூட்டினோம். இப்போது இஞ்சின் பிடிக்கிறது, ஒன்றிரண்டு செக்கனில் நின்றுவிடுகிறது. பெற்றோல் பம்ப் என்றார் மெக்கானிக். அதையும் மாற்றியாயிற்று, காசு போனதுதான் மிச்சம். வவுனியாவுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போவதற்கு முன் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

ஓமந்தைப் பெடியன்:
அண்ணை, பற்றரி வயரை இரவு முழுக்கக் கழற்றி விடுங்கள். எல்லாம் ரீசெட் ஆகிவிடும்.

மாங்குளம் வயரிங்:
தம்பி, அப்படிச் செய்தால் ரேடியோவின் நேரம்தான் அழியும். உங்கள் காரை நிறுத்துவது திருட்டுத் தடுப்பு போலிருக்கிறது, அதன் எண் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாது. அப்படி அழியுமென்றால் கள்ளனுக்கு ஒரு ஸ்பானர் போதுமே!

கமக்காரன் அண்ணை, டாஷ்போர்டில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கும். திறப்பைப் போட்டதும் அது அணைகிறதா?

பரந்தன் கமக்காரன்:
அணைகிறது.

மாங்குளம் வயரிங்:
அப்படியென்றால் திறப்பில் குறையில்லை. திறப்பின் தலைக்குள் பற்றரியே இல்லாத சிப் ஒன்று இருக்கிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதன் எண்ணை வாசித்து, தனியாக இருக்கும் இம்மொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்புப் பெட்டிக்கு அனுப்புகிறது. விளக்கு அணைந்தால் அந்தப் பெட்டி திறப்பை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஆனால் புதிதாக வந்த கொம்பியூட்டர் வேறொரு காரில் இருந்தது. உங்கள் இம்மொபிலைசரை அதற்குத் தெரியாது, அதனால் பெற்றோலை வெட்டிவிடுகிறது. பிழைக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கானர் பிடித்தால் B2799 என்று காட்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தினால் சரி.

ஸ்ரியறிங்கின் கீழே 16 துளை உள்ள சொக்கற் இருக்கிறது. அகலப் பக்கத்தை மேலே வைத்துப் பாருங்கள். மேல் வரிசையில் இடமிருந்து நாலாவது துளை, கீழ் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது, அதாவது 13. இந்த இரண்டையும் ஒரு வயர்த் துண்டால் இணையுங்கள். கீழ் வரிசையின் கடைசித் துளை 16இல் எப்போதும் 12 வோல்ட் நிற்கும், அதைத் தொட்டால் இன்னொரு கொம்பியூட்டர் வாங்க வேண்டிவரும். பிறகு திறப்பை ஓனில் வையுங்கள், ஸ்ராட் பண்ண வேண்டாம். டாஷ்போர்டில் செக் இஞ்சின், ஏபிஎஸ் விளக்குகள் எல்லாம் மினுங்கத் தொடங்கும். அது வயர் சரியான இடத்தில் இருப்பதற்கு அடையாளம். அப்படியே 30 நிமிடம். ஹெட்லைட், பான் எல்லாம் ஓஃப். சார்ஜர் இருந்தால் பற்றரியில் போட்டு வைப்பது நல்லது. முடிந்ததும் திறப்பை ஓஃப் பண்ணி, வயரைக் கழற்றி, ஸ்ராட் பண்ணிப் பாருங்கள்.

இதை விட்ஸுக்குத்தான் சொல்கிறேன். மற்ற கம்பனிகளின் முறை வேறு. பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் திறப்பின் எண் இஞ்சின் கொம்பியூட்டருக்குள்ளேயே இருக்கும், அங்கே இந்த வயர் வேலை செய்யாது.

விசுவமடு ரீச்சர்:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் கொம்பியூட்டரைத் தொடவில்லை, திறப்புப் பூட்டு மட்டும் மாற்றினேன். சிவப்பு விளக்கு அணையவேயில்லை.

மாங்குளம் வயரிங்:
ரீச்சர், உங்களுடையது வேறு கதை. புதுத் திறப்பில் சிப் இல்லை, அல்லது பதியாத சிப். பழைய திறப்பின் தலையைப் பூட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு புதியதால் திருப்பிப் பாருங்கள். இஞ்சின் நிற்காமல் ஓடினால் பழைய சிப்பைப் புதுத் திறப்புக்குள் மாற்றிவிடலாம். பழையதை எறிந்துவிட்டீர்களோ?

விசுவமடு ரீச்சர்:
நல்ல காலம், மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பின்னேரம் பார்க்கிறேன்.

பரந்தன் கமக்காரன்:
அண்ணை, ஓடுகிறது! முதல் முறை சரிவரவில்லை. பாதியில் வயர் நழுவியிருக்கிறது. விளக்கு மினுங்காமல் நிற்பதை மகள்தான் கண்டாள். திரும்ப முதலில் இருந்து 30 நிமிடம் வைத்தோம். பிடித்தது, நிற்கவில்லை. பரந்தன் சந்திவரை ஓடிவிட்டும் வந்தேன்.

கழற்றிய பம்ப் வீட்டில் சும்மா கிடக்கிறது. விட்ஸ்காரர் யாருக்காவது தேவையென்றால் சொல்லுங்கள்.