கொரியக் காதல் தொடர்கள்: பழையவற்றிலிருந்து தொடங்குவதா, புதியவற்றிலிருந்தா?

வைகைக்கரை:
பணி ஓய்வு பெற்ற என் அம்மாவும் நானும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்து பார்ப்பதற்குக் கொரியக் காதல் தொடர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இருவருமே இதுவரை ஒரு தொடரைக்கூட முழுமையாகப் பார்த்ததில்லை. 'விண்டர் சொனாட்டா'விலிருந்து தொடங்குங்கள் என்கிறார் ஒரு தோழி. அவையெல்லாம் பழங்கதை, கடந்த பத்தாண்டுகளில் வந்தவற்றை மட்டும் பாருங்கள் என்கிறார் இன்னொருவர். எதிலிருந்து தொடங்கலாம் என்பதைக் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அந்திமந்தாரை:
உங்கள் முதல் தோழி சொன்னதே சரி. யுன் சோக்-ஹோ இயக்கி, 2002-இல் கேபிஎஸ் 2 அலைவரிசையில் 20 பகுதிகளாக வந்த 'விண்டர் சொனாட்டா', அடுத்த ஆண்டு ஜப்பானில் என்எச்கே வழியாக ஒளிபரப்பாகி அங்குள்ள நடுத்தர வயதுப் பெண்களை ஆட்கொண்டது. நாயகன் பே யோங்-ஜுன்னை அவர்கள் 'யோன்-சாமா' என்று மரியாதையோடு அழைத்தார்கள். கதை நிகழ்ந்த இடங்களைக் காண்பதற்காகவே சுஞ்சோனுக்கு அருகிலுள்ள நாமி தீவுக்குக் கூட்டம் கூட்டமாகப் பயணம் செய்தார்கள். அந்தத் தீவில் பள்ளிப் பருவத்து நாயகனும் நாயகியும் ஆளுக்கொரு சிறிய பனிப்பொம்மையைச் செய்து மேசைமேல் அருகருகே வைக்கும் காட்சி ஒன்று உண்டு. பெரிய வசனம் ஏதுமில்லை, அவசரமும் இல்லை. முதல் காதலின் கூச்சம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. பின்னால் வந்த எத்தனையோ தொடர்களில் முதல் பனியும் முதல் காதலும் சேர்ந்தே வருவதன் சுவையை, இதைப் பார்த்தவர்களே முழுமையாக உணர முடியும்.

நெடுஞ்சாலை:
அந்திமந்தாரை அவர்களின் ரசனையை மதிக்கிறேன். ஆனால் புதிதாக வருபவருக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று உறுதியாகச் சொல்வேன். விபத்து, மறதி, பிறப்பு இரகசியம் என்று அடுக்கிக்கொண்டே போகும் கதையைப் பாதியிலேயே நிறுத்தியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய குறை, அந்தக் காலத்துத் தொடர்கள் பலவற்றில் பெண் நடத்தப்படும் விதம். 2009-இல் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடரில், சலவைக் கடைக்காரரின் மகளைப் பள்ளி முழுவதையும் ஏவிவிட்டுத் துன்புறுத்தும் பணக்கார வாரிசு, சில பகுதிகள் கழித்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் செல்கிறான். அதைக் காதல் என்று என் அம்மாவுக்கு நான் காட்ட மாட்டேன்.

மாறாக, 2017-இல் டிவிஎன் ஒளிபரப்பிய 'பிகாஸ் திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் லைஃப்' தொடரைப் பாருங்கள். சியோலில் தங்க இடமில்லாத உதவி எழுத்தாளர் ஜிஹோ. வீடு வாங்கிய கடனை அடைத்துத் தீராமல் வாடகைக்கு ஆள் தேடும் சேஹி. இருவரும் ஒப்பந்தம் போட்டுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். மாமியார் வீட்டு முன்னோர் வழிபாட்டுக்குச் சென்று நாள் முழுவதும் அடுக்களையில் நிற்கிறாள் ஜிஹோ. அந்த உழைப்புக்கு ஈடாகத் தானும் உழைக்க வேண்டும் என்று சேஹி நம்ஹேயில் உள்ள அவளது பிறந்த வீட்டுக்குப் போய், குளிர்காலத்துக்கான கிம்ச்சி (காரம் சேர்த்த கோசு ஊறுகாய்) போடும் வேலையில், குவிந்து கிடக்கும் கோசுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுகிறான். மருமகளின் வேலைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை எந்தப் பிரசங்கமும் செய்யாமல் காட்டிய அந்தப் பகுதியை, அடுக்களையிலேயே வாழ்நாளில் பாதியைக் கழித்த எந்த அம்மாவும் மறக்க மாட்டார்.

அந்திமந்தாரை:
ஒரு தொடரை வைத்து ஒரு காலத்தையே தள்ளிவிடுவது நியாயமில்லை. 2005-இல் எம்பிசியில் வந்த 'மை லவ்லி சாம் சூன்' நாயகியை நினைத்துப் பாருங்கள். முப்பதை எட்டும் வயது, பூசினாற்போன்ற உடல், தனக்கே பிடிக்காத பெயர், கையில் கேக் செய்யும் தொழில். மறைந்த தந்தை விட்டுச்சென்ற கடனால் வீடு பறிபோகும் நிலையில், 5 கோடி வோனுக்காக (கொரிய நாணயம்) முதலாளியின் போலிக் காதலியாக நடிக்க ஒப்பந்தம் போடுகிறாள். நீங்கள் 2017-இல் கண்டு வியந்த ஒப்பந்தம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. மனம் உடைந்தபோது அவள் மழையில் நனைந்தபடி ஹல்லா மலையில் தனியே ஏறுகிறாள்; யாரும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லவில்லை. கொரியாவில் அதன் கடைசிப் பகுதியை 50 விழுக்காட்டுக்கும் மேலான வீடுகள் பார்த்ததாக அப்போதைய பார்வையாளர் கணக்கு சொல்கிறது.

புதியவற்றிலும் பழைய சரக்கு ஏராளம். தென் கொரியப் பெண் ஒருத்தி தவறுதலாக வட கொரியாவில் தரையிறங்கி அங்குள்ள இராணுவ அதிகாரியிடம் மனத்தைப் பறிகொடுக்கும் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'வின் நாயகியே பெரும் நிறுவனக் குடும்பத்து வாரிசுதான். அவளும் நாயகனும் பல ஆண்டுகளுக்கு முன்பே சுவிட்சர்லாந்தில் ஒருவரையொருவர் அறியாமல் கடந்து சென்றவர்கள் என்பது 'விண்டர் சொனாட்டா' காலத்து விதிக்கணக்கு.

நெடுஞ்சாலை:
சாம் சூனின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் இயக்குநரே 2024-இல் அந்தப் பதினாறு பகுதிகளை எட்டாகச் சுருக்கி மறுபடியும் வெளியிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைய பார்வையாளருக்கு அப்படியே கொடுக்கலாம் என்றால் பாதியை ஏன் வெட்ட வேண்டும்?

'கிராஷ் லேண்டிங்' பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. தற்செயல்கள் அதிகம்தான்; ஆனால் அதன் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. வட கொரியாவிலிருந்து வெளியேறி வந்த ஒருவர் எழுத்துக் குழுவில் இருந்ததால், மின்வெட்டும் ஊர்ப் பெண்களின் அரட்டையும் உள்ளூர் வாடையோடு வந்திருக்கின்றன. இருட்டிய சந்தையில் வழி தவறி நிற்கும் நாயகியின் கண்ணில் படும்படி, கூட்டத்துக்கு நடுவே நாயகன் ஒரு மெழுகுவத்தியை உயர்த்திப் பிடிக்கிறான். முன்பு வாசனை மெழுகுவத்தி கேட்டவளுக்குச் சாதாரண மெழுகுவத்தியைக் கொண்டுவந்து கொடுத்தவன், இம்முறை வாசனை உள்ளதையே தேடி வாங்கியிருக்கிறான். சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளும் ஆண்மகன், இழுத்துச் செல்லும் ஆண்மகனைவிட எவ்வளவோ மேல்.

மாடித்தோட்டம்:
குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் குரல் கொடுக்கப்பட்ட கொரியத் தொடர்களைப் புதுயுகம் தொலைக்காட்சியில் என் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தவள் நான். குடும்பத்தோடு பார்ப்பதற்கு 'ரிப்ளை 1988' போதும் என்பது என் எண்ணம். சியோலின் சாங்முன்-டோங் பகுதியில் ஒரு சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை அது; காதலுக்கு ஒரு பங்கு, கிண்ணங்களில் கூட்டும் குழம்பும் வீட்டுக்கு வீடு கைமாறுவதற்கு ஒரு பங்கு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே இரவில் ஐந்தாறு பகுதிகளை ஓட்டாதீர்கள். வாரத்துக்கு இரண்டு பகுதிகள் என்ற கணக்கில் ஒளிபரப்பான தொடர்கள் இவை. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இடையில் கிடைக்கும் நாட்களில் அம்மாவோடு அடுத்து என்ன நடக்கும் என்று பேசிக்கொள்வதிலேயே பாதி இன்பம் இருக்கிறது.

நெடுஞ்சாலை:
'ரிப்ளை 1988' அருமையான தொடர், அக்கா. ஆனால் நாயகியின் கணவர் யார் என்ற புதிரைக் கடைசிவரை இழுத்தடிப்பதால், காதல் கதை தேடி வருபவருக்கு அது முதல் தொடராக வேண்டாம்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. கிம்ச்சிக் காட்சியைப் படித்துக் காட்டியதும் அம்மா அதையே கேட்கிறார். ஆகவே ஜிஹோ, சேஹியின் கதையிலிருந்து, வாரத்துக்கு இரண்டு பகுதிகளாகத் தொடங்குகிறோம். அடுத்தது சாம் சூன்.

அந்திமந்தாரை:
மகிழ்ச்சி. சாம் சூனுக்கு வரும்போது பதினாறு பகுதிகள் கொண்ட மூல வடிவத்தையே தேடிப் பிடியுங்கள். நாயகன் முரடனாக நடந்துகொள்ளும் இடங்களில் அவள் எப்படித் திருப்பிக் கொடுக்கிறாள் என்பதை அம்மாவும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு நெடுஞ்சாலை அவர்களுக்கு அம்மாவே பதில் எழுதட்டும்.